முடிந்த வரிசை

மின்சாரம் திரும்பிய மூன்றாம் இரவு,
மஞ்சக்குப்பத்தில் வாடகை மாடியறை.
மேசைமேல் தாழங்குடா:
ஆயிரத்து இருநூற்று ஆறு வீடுகள்,
வீட்டுக்கொரு படம், படத்துக்கோர் எண்.
தார்ச்சாலையில் தொடங்கிக்
கடலை நோக்கி நடந்தபடி எடுத்தவை.
முதல் வீட்டின் எண் சுழி.
பூராசாமி பிற்பாடு கேட்டார்,
"மாடி வூடு கட்டியும் நான் பூச்சியமாம்மா?"

கேட்க வேண்டியது ஒரே கேள்வி:
கூரை எவ்வளவு போயிருக்கிறது?
அதைப் பதினோரு வரியில் எழுதினேன்.
சார்பு என்று அதற்குப் பாடநூலில் பெயர்,
யார் பக்கமும் சாராது என்றாலும்.
படத்தைக் கொடுத்தால் விழுக்காட்டைத் தரும்.
முந்தின வீடு யாருடையது,
அடுத்த வீட்டில் யார் அழுகிறார்கள்,
எதுவும் அதற்கு வேண்டாம்.

அதனால்தான் பங்கிட முடிந்தது.
ஒவ்வொன்றாகக் கேட்டால் விடிந்து மறுபடி இருட்டிவிடும்.
காலை பத்துக்குள் பட்டியல் தாலுகா ஆபீசில் இருக்க வேண்டும்.
மடிக்கணினிக்குள் எட்டு ஆட்கள்,
ஏழு பேர் எப்போதும் தூங்குகிறவர்கள்.
எல்லாரையும் எழுப்பினேன்.
விசிறி அலறியது, மேசை சுட்டது.
முடிந்ததை முடிந்தவுடன் கூடையில் போடுங்கள்
என்று மட்டும் சொன்னேன்.
சொன்னதைத்தான் செய்தார்கள்.

இருபது நிமிடம்.
கூடையில் ஆயிரத்து இருநூற்று ஆறு விடை.
எண்ணிப் பார்த்தேன், ஒன்றும் குறையவில்லை.
அனுப்பிவிட்டுத் தூங்கினேன்.

பதினொன்றரைக்குப் போனில் அஞ்சலாட்சி:
"ஏம்மா, பள்ளிக்கூடத்துச் செவுத்துல ஒட்டியிருக்கீங்களே,
எங்க வூட்டுக்கு நாலு பர்சென்ட்டாம்.
படுத்தா நட்சத்திரம் தெரியுது.
மாடி வூட்டுக்காரருக்கு நூறாம்.
அவரே சிரிக்கிறாரு."

கெடிலம் பாலத்தில் பஸ் நின்றிருந்தபோது புரிந்தது.
ஓட்டுக்கூரையை ஓடு ஓடாக எண்ண வேண்டும்.
மாடித்தளத்தில் விரிசல் தேட இன்னும் நேரம் பிடிக்கும்.
கூரையே இல்லாத வீட்டில் எண்ண என்ன இருக்கிறது?
அவை முதலில் முடிந்தன,
முதலில் கூடையில் விழுந்தன,
தார்ச்சாலைப் பெயர்களுக்கு நேரே போய் உட்கார்ந்தன.
எல்லாம் இழந்தவர்களின் நூறுகளை
எதுவும் இழக்காதவர்கள் வாசலில்
வைத்துவிட்டு வந்திருக்கிறேன்,
ஒரு கூட்டல் பிழைகூட இல்லாமல்.

இறங்கித் திரும்பி நடந்தேன்.

திருத்தம் ஒன்றரை வரி.
படத்தோடு எண்ணையும் கையில் கொடு.
கூடை வேண்டாம்,
ஆயிரத்து இருநூற்று ஆறு வெற்றிடம்
முதலிலேயே போட்டு வை.
யார் எப்போது வந்தாலும்
எண்ணுக்குரிய இடத்தில் வைத்துவிட்டுப் போகட்டும்.

மறுபடி ஓட்டினேன்.
கரண்ட் வந்த இரவில் தெரு எரிந்த மாதிரி
திரையில் இடங்கள் நிரம்பின,
இங்கொன்று, அங்கொன்று, நடுவில் நாலு,
முன்பின் என்ற முறையே கிடையாது.
ஆனால் எந்த வீட்டு விளக்கும்
பக்கத்து வீட்டில் எரியவில்லை.

ஒன்று மட்டும் இருட்டு.
ஆயிரத்து நூற்றுத் தொண்ணூற்றொன்று.
ஏழு பேர் வேலை முடிந்து சும்மா நிற்க
எட்டாமவர் அந்தப் படத்தில்
கூரையின் விளிம்பைத் தேடிக்கொண்டே இருந்தார்.
கடைசி ஆள் வராமல் பட்டியலை மூட முடியாது.
தேநீர் ஆறி ஆடை படிந்தது.
படத்தை நானே திறந்தேன்.
மணல். கொஞ்சம் நுரை.
ஓரத்தில் கவிழ்ந்த ஒரு நீலப் பிளாஸ்டிக் குடம்.

பெயர் தேசிங்கு. நம்பர் இருந்தது, கூப்பிட்டேன்.
"எடத்தத்தான்மா புடிச்சிட்டுப் போனாங்க," என்றார்.
"வூடு அந்தக் கொடத்துக்கு இந்தாண்ட."

தேடுகிறவரை நிறுத்திவிட்டு
நூறு என்று என் கையால் தட்டினேன்.
தொண்ணூறுக்கும் தொண்ணூற்றிரண்டுக்கும் நடுவே,
இரண்டு பக்கமும் அதே அண்டை வீட்டார்,
எண் அங்கே நிற்கிறது.